பழசு தீராமல் புதுசைக் கொட்டாதீர்கள்: வீட்டு மளிகை இருப்பைத் தீர்த்துத் தீர்த்து வாங்கும் முறை

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வேலை கிடைத்துச் சேலத்தில் வீடு பிடித்தவர்கள், மாமியார் கையிலிருந்த சமையலறை தன் கைக்கு வந்தவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். மளிகையை எங்கே வாங்கினால் மலிவு என்று சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். லீ பஜாருக்குப் போ, செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாக எடு, கிலோவுக்கு இவ்வளவு மிச்சம் என்பார்கள். வாங்கி வந்ததை எந்த வரிசையில் தின்று தீர்ப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் வீட்டுப் பச்சைப்பயறு டப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து கிலோ பிடிக்கும் எவர்சில்வர் டப்பா. மாதாமாதம் ஒரு கிலோ வாங்குவேன், மூடியைத் திறந்து இருப்பதன் மேலேயே கொட்டுவேன். எடுக்கும்போதும் மேலாக எடுப்பேன். ஒரு புரட்டாசியில் நவராத்திரிச் சுண்டலுக்காக டப்பாவை முறத்தில் கவிழ்த்தேன். முதலில் விழுந்த பயறு பளபளவென்று இருந்தது. அதற்கடுத்து விழுந்தது மங்கல். தொட்டால் விரலில் மாவு ஒட்டியது. அடியில் நாலு விரற்கடைக்கு வெறும் கூடு. ஒவ்வொரு பயறிலும் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை, நடுநடுவே ஊர்ந்துகொண்டிருந்த பழுப்பு வண்டுகள். அது எந்த வருஷத்துப் பயறு என்று எனக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் குப்பைக்குப் போனது. நாலு குழந்தைகளுக்குச் சுண்டல் ஆகியிருக்க வேண்டியதைக் கண்ணெதிரே கொட்டியது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம். பழசு காலியாகாமல் அதன் மேல் புதுசைக் கொட்டுவதில்லை. கீழே வருவதெல்லாம் இந்தச் சட்டத்தை வீட்டில் நடத்திக் காட்டும் வழிகள்.

முதல் நாள்: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

நல்ல வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். தை, மாசி மாதங்கள் சேலத்தில் இதற்கு வெகு தோது. ஹாலில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, சமையலறையில் இருக்கும் அத்தனை உணவுப் பொருளையும் அதன் மேல் கொண்டுவந்து வையுங்கள். பரண் மேல் இருப்பது, ஃபிரிட்ஜ் கதவில் சொருகியது, ஆணியில் மாட்டிய பை, ரேஷன் பை, எதையும் விடாதீர்கள். சேலத்து வீடுகளில் கடப்பைக்கல் அலமாரி ஆழமாக இருக்கும். பின்வரிசை கண்ணிலேயே படாது. போன தீபாவளிக்கு வாங்கிய கடலைமாவு அங்கேதான் இருக்கும்.

ஒரே பொருள் மூன்று இடத்தில் கிடைக்கும்போது அதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள், ஆனால் கலக்காதீர்கள். எனக்கு முதல் தடவை கடுகு மட்டும் நாலு பாக்கெட் கிடைத்தது. இருப்பதே தெரியாமல் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதில் அவசரம் கூடாது.

அரிசியை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கையில் மாவு ஒட்டினால் உள்ளே கூன்வண்டு வேலை பார்க்கிறது. இந்த வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். புழு அரிசிக்குள்ளேயே வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும். சேலத்துச் சூட்டுக்கு இதெல்லாம் கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதனால் இன்று சுத்தமாகத் தெரியும் அரிசியில் அடுத்த மாதம் வண்டு நடமாடினால் ஆச்சரியப்பட வேண்டாம், முட்டை முன்பே உள்ளே இருந்தது. ஒரு பிடி அரிசியைத் தண்ணீரில் போட்டால் உளுத்தது மிதக்கும். மிதப்பது கொஞ்சம்தான் என்றால் புடைத்து, களைந்து, உடனே சமைத்துத் தீர்க்கலாம்.

முழுப்பயறு வகைகளில் வேறு அடையாளம். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை இவற்றின் தோலில் வெள்ளையாகப் புள்ளி வைத்தது போல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் சுரண்டினால்தான் வரும். அதுதான் பயறு வண்டின் முட்டை. பல நேரம் வயலில் செடியில் இருக்கும்போதே வண்டு முட்டை வைத்துவிடுகிறது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. புள்ளி மட்டும் இருந்து ஓட்டை விழவில்லை என்றால் அந்தப் பயறு இந்த வாரமே சுண்டலாகவோ குழம்பாகவோ ஆக வேண்டும். உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது. மொத்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முழுப்பயறைக் குறைத்து, பருப்பாக வாங்குங்கள்.

ரவை, மைதா, சிறுதானிய மாவுகளில் கரண்டியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். மாவு நூல் கோத்தது போலக் கட்டிக் கட்டியாக எழும்பி வந்தால் அந்துப்பூச்சிப் புழு கூடு கட்டியிருக்கிறது. செம்பழுப்பாகச் சின்ன வண்டு ஓடி, மாவில் காரமான ஒரு வாடையும் அடித்தால் அது மாவு வண்டு. இரண்டிலும் சலித்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். சலித்தாலும் அந்த வாடையும் கழிவும் மாவில்தான் இருக்கும்.

எண்ணெய், நிலக்கடலை, எள், கொப்பரை எல்லாவற்றையும் முகர்ந்து பாருங்கள். காறல் வாடை வந்தால் அது பண்டம் கெட்டுப்போனதன் முதல் சேதி.

பார்த்து முடித்ததும் மூன்று கூறு போடுங்கள்: நன்றாக இருப்பது, இந்த மாதமே தீர்க்க வேண்டியது, கொட்ட வேண்டியது. நடுக் கூறுதான் நமக்கு வேலை வைக்கும். அதைத் தனியாக ஒரு கூடையில் போட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அலமாரிக்குள் திரும்பப் போய்விட்டால் இன்னும் ஆறு மாதம் அது வெளியே வராது.

ஒரு வாரம் அளந்து பாருங்கள்

எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பது உங்கள் வீடு எவ்வளவு தின்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வாரம் மட்டும், எடுக்கும் ஒவ்வொன்றையும் ஆழாக்கில் அளந்து எடுத்து, ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் நாலு பேர். அரிசி சாதத்துக்கும் மாவுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. ஒரு சிப்பம், அதாவது 26 கிலோ அரிசிப் பை, ஒரு மாதம் வருகிறது. துவரம்பருப்பு மாதம் மூன்று கிலோ. கடுகு கால் கிலோ வாங்கினால் மூன்று மாதம் ஓடும். நாலு பாக்கெட் என்றால் ஒரு வருஷத்துக் கடுகு!

சிப்பம் என்றதும் ஒன்று. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகுதான் கடைகளில் 26 கிலோ சிப்பம் பரவலானது. வரி மிச்சம் நல்லதுதான். ஆனால் இரண்டே பேர் இருக்கும் வீட்டில், ராத்திரி சப்பாத்தி சாப்பிடும் வீட்டில், அந்த 26 கிலோ மூன்று மாதம் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் பக்கத்து வீட்டோடு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஐந்து ஐந்து கிலோவாக வாங்குங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போனாலும் உளுத்துப்போன அரிசியைவிட மலிவுதான்.

ரேஷன் அரிசி வாங்கும் வீடுகளில் கடை அரிசியும் ரேஷன் அரிசியும் இரண்டு வரிசையாகச் சேரும். ரேஷன் புழுங்கலரிசியை இட்லிக்கு, பச்சரிசியைப் பணியாரத்துக்கு, இடிச்ச மாவுக்கு என்று முதலிலேயே வேலை பிரித்துவிட்டால் தேங்காது. வேலை சொல்லாமல் வாங்கி வைத்த அரிசிதான் மூட்டையாகச் சேர்கிறது.

இரண்டு டப்பா முறை

இனி அடுக்குவோம். ஒவ்வொரு பொருளுக்கும் கைக்கு எட்டும் இடத்தில் சின்ன டப்பா ஒன்று: இது எடுக்கும் டப்பா. இரண்டு வாரத்துக்கு வரும் அளவு போதும். பின்னால் பெரிய டப்பாவிலோ பிரிக்காத பாக்கெட்டாகவோ இருப்பது இருப்பு. சமைக்கும்போது சின்ன டப்பாவைத் தவிர வேறெதையும் திறக்கக் கூடாது. திறக்கத் திறக்கக் காற்றும் ஈரமும் பூச்சியும் உள்ளே போகின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் பெரியது திறக்கிறது என்றால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

சின்ன டப்பா தீர்ந்ததும் அப்படியே மறுபடி நிரப்பாதீர்கள். கழுவி, துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, சூடு ஆறியதும் நிரப்புங்கள். மூடியின் விளிம்புச் சுருட்டில் பழைய மாவு ஒட்டியிருக்கும், வண்டு அங்கேதான் குடியிருக்கும். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் அந்த விளிம்பைத் தேய்த்துவிடுங்கள்.

பெரிய டப்பா தீர்ந்து, கடைசியாகச் சின்னதில் கொட்டும் நாளில் அந்தப் பொருளை மளிகைச் சீட்டில் எழுதுங்கள். அதுதான் வாங்கும் நேரம். இரண்டு வாரத்துக்கான சரக்கு கையில் இருக்கிறது, அவசரமில்லை. கடையில் ஆஃபர் போட்டார்கள் என்பது வாங்கும் நேரம் கிடையாது.

தேதி எழுதுவது இதில் உயிர்நாடி. மாஸ்கிங் டேப்பைக் கிழித்து ஒட்டி, பேனாவால் வாங்கிய தேதியை எழுதுங்கள். திறந்த நாளையும் அதன் கீழே எழுதுங்கள். உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் சரக்கில் தேதியே இருக்காது, நாம் எழுதுவதுதான் தேதி. பாக்கெட் சரக்கை டப்பாவில் கொட்டினால் பாக்கெட்டில் தேதி அச்சிட்ட துண்டை வெட்டி டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். பாக்கெட்டில் ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று இருந்தால் அதுவரை ருசியும் மணமும் குறையாது என்று பொருள். தாண்டினால் முகர்ந்து, பார்த்து முடிவு செய்யலாம். ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ என்று இருந்தால் அந்த நாளுக்குப் பிறகு தொட வேண்டாம். இரண்டும் பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். பிரித்துவிட்டால் நம் சமையலறையின் கணக்கு வேறு.

அலமாரியில் அடுக்கும்போது புதுசு பின்னால், பழசு முன்னால். ஆழமான கடப்பைக்கல் தட்டில் இது கஷ்டம், பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதையெல்லாம் இறக்க வேண்டியிருக்கும். அங்கே இடமிருந்து வலமாக வரிசை வையுங்கள்: இடது ஓரத்தில் பழசு, வலது ஓரத்தில் புதுசு. இல்லையென்றால் நீளமான பிளாஸ்டிக் தட்டில் டப்பாக்களை வைத்து, தட்டையே இழுத்து எடுக்கலாம்.

எது எத்தனை நாள் தாங்கும்

இது சேலத்து வெயிலில், இறுக்கமாக மூடிய டப்பாவில் நான் கடைப்பிடிக்கும் கணக்கு. பச்சரிசி மூன்று மாதம், புழுங்கலரிசி ஆறு மாதம். பழைய அரிசிதான் உதிரியாக வடிக்கும் என்று தேடி வாங்குவது உண்டு, அது சரிதான். ஆனால் ஆலையில் பக்குவமாகப் பழசாக்கியதும் நம் வீட்டு மூலையில் கிடந்து பழசானதும் ஒன்றல்ல. கைக்குத்தல் அரிசியில் தவிடு இருப்பதால் அந்தத் தவிட்டு எண்ணெய் சீக்கிரம் காறிவிடும், இரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஆறு மாதம் தாங்கும், ஆனால் நாளாக ஆக வேகாது. சூட்டிலும் ஈரத்திலும் நாள்பட்ட பயறின் உள்கட்டு இறுகிவிடுகிறது. ராத்திரியே கொஞ்சம் உப்பு போட்டு ஊறவைத்தால் ஓரளவு சரியாகும். ரொம்பப் பழசு என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா. உளுந்து மட்டும் பழசாகக் கூடாது. பழைய உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் மாவு காணாது, இட்லி கல்லாக வரும். அப்படி மாட்டிக்கொண்டால் புது உளுந்தோடு பாதிக்குப் பாதி கலந்து தோசைக்கு அரையுங்கள், அல்லது வறுத்து இட்லிப்பொடி இடித்துவிடுங்கள். வறுத்தால் பழைய உளுந்தும் மணக்கும்.

ரவை வாங்கிய அன்றே வெறும் வாணலியில் சூடேற வறுத்து, ஆறவைத்து மூடினால் இரண்டு மாதம். வறுக்காதது ஒரு மாதம். கேழ்வரகு மாவு ஒரு மாதத்துக்குப் பயமில்லை. கம்பு மாவு அப்படியில்லை. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், அரைத்த ஒரு வாரத்திலேயே கசப்பு தட்டும். கம்பைத் தானியமாக வைத்துக்கொண்டு வாராவாரம் அரையுங்கள். ‘சிறுதானியம் எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் காறிப்போன கம்பு மாவில் கூழ் காய்ச்சிப் பார்த்தவர்கள் என்பது என் எண்ணம்.

மில்லில் அரைத்த மிளகாய்த்தூள், மல்லித்தூள், குழம்புத்தூள் சூடாக இருக்கும். வந்தவுடன் டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். நியூஸ்பேப்பரில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகு போடுங்கள். நாலு மாதத்துக்கு மேல் நிறமும் காரமும் இறங்கும், அதனால் வருஷத்துக்கும் சேர்த்து அரைக்காமல் மிளகாயாகவே வைத்திருங்கள். செக்கு எண்ணெயை இரண்டு மாதத்தில் தீருங்கள். அடுப்புக்குப் பக்கம் வைக்காதீர்கள். காபித்தூள் இரண்டு வாரம்தான். ஏற்காட்டுக் கொட்டை கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு ஒரு மாதத்துக்கு அரைத்து வைப்பது அந்தக் காபிக்கே நியாயமில்லை.

ஜவ்வரிசி நம் ஊர்ச் சரக்கு. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து வருவது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில்தான் இருக்கிறது. காய்ந்து இருந்தால் ஒரு வருஷம் சாதாரணமாகத் தாங்கும். உப்பு, சர்க்கரைக்கு நாள் கணக்கே இல்லை, ஈரம் மட்டும் படக் கூடாது. புளிக்குக் கல்லுப்பு தூவி ஜாடியில் போடுங்கள், தகர டப்பாவில் போட்டால் புளிப்பு தகரத்தை அரித்துவிடும். வெல்லம் மழைக்காலத்தில் கசியும். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆவணியில் பத்துக் கிலோ வாங்காதீர்கள். ஐப்பசிக்குள் டப்பாவின் அடியில் பாகு நிற்கும்.

ஏற்காட்டில் கணக்கு மாறும்

என் அக்கா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறாள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும் தூரம்தான், ஆனால் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய சரக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் வேறு வேறு விதமாகக் கெடும். எங்களுக்குச் சூட்டில் வண்டு. அவளுக்கு அங்கே குளிரில் வண்டு மெதுவாகத்தான் பெருகும், பனி மூட்டத்தில் ஈரம் ஏறி எல்லாம் பூசணம் பிடிக்கும். அப்பளம் நமுத்துப்போகும், உப்பு நீர்விடும், மிளகாய் வத்தலைக் கிள்ளினால் உள்ளே சாம்பல் பூத்திருக்கும்.

அவள் செய்வது இதுதான். இருப்பு டப்பாவை மூட்டம் கவிந்த காலையில் திறக்கவே மாட்டாள். வெயில் வந்த மதியத்தில்தான் சின்ன டப்பாவுக்கு மாற்றுவாள். ஒரு கிலோவுக்கு மேல் பிடிக்கும் டப்பாவே அவள் அலமாரியில் கிடையாது. மிளகாய், மல்லி, பருப்பு எதுவானாலும் வாங்கி வந்த உடனே வாணலியில் லேசாகச் சூடு காட்டி, ஆறவைத்துத்தான் மூடுவாள். சுவரை ஒட்டி டப்பா வைப்பதில்லை. ஈரம் சுவர் வழியாகவும் வரும்.

இன்னொன்று, பழைய பருப்பு மலையில் இன்னும் அடம் பிடிக்கும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. கீழே ஒரு மணி நேரத்தில் வேகும் பழைய கொண்டைக்கடலை அங்கே மத்தியானம் வரை வேகாமல் கிடக்கும். மலையில் குடியேறுகிறவர்கள் குக்கர் இல்லாமல் போகாதீர்கள், பருப்பையும் புதுசாகப் பார்த்து வாங்குங்கள்.

பூச்சி வராமல் பார்ப்பதும் வந்தால் செய்வதும்

பருப்பையும் பயறையும் மாசி, பங்குனி வெயிலில் மெலிசாகப் பரப்பி நாலு மணி நேரம் காயவையுங்கள். கறுப்புத் துணி மேல் பரப்பினால் சூடு நன்றாக ஏறும். ஆறிய பிறகே மூட வேண்டும். அரிசியை மட்டும் கொளுத்தும் வெயிலில் போடக் கூடாது, வெடித்து நொய்யாகிவிடும். நிழலில் ஆற விடுங்கள். துவரம்பருப்புக்கு அத்தை கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைப்பார். வழவழப்பில் வண்டு முட்டையை ஒட்ட வைக்க முடியாது. சமைக்கும் முன் கழுவிக்கொள்ளலாம். வசம்பு, காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை போடுவது நம் பக்கத்துப் பழக்கம். வராமல் தடுக்க ஓரளவு உதவும், வந்த வண்டை விரட்டாது.

ஃபிரிட்ஜில் ஃபிரீசர் இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. வாங்கி வந்த பயறை ஒரு கிலோ பாக்கெட்டாக இறுகக் கட்டி நாலு நாள் ஃபிரீசரில் வையுங்கள், முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியே இருந்து குளிர் விட்ட பிறகு பிரித்தால்தான் உள்ளே ஈரம் கோக்காது.

அரிசி மூட்டைக்கு, துளை போட்ட குழாய் மாதிரி ஒரு பூச்சிப்பொறியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. மூட்டைக்குள் செருகினால் வண்டு துளை வழியாக உள்ளே விழுந்துவிடும். மூட்டையாக வைத்திருக்கும் பெரிய குடும்பங்களுக்கு நல்ல உதவி.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிடங்கில் மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காற்றின் ஈரம் பட்டாலே அது நச்சு வாயுவை விடும். மூடிய வீட்டில் தூங்கியவர்கள் அதில் செத்திருக்கிறார்கள். போரிக் பவுடரை அரிசியில் கலப்பதும் வேண்டாம், குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது.

தீர்ப்பது எப்படி

இப்போது அடுப்புப் பக்கத்துக் கூடைக்கு வருவோம். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை ராத்திரி கூடைச் சமையல். அன்று கடையில் எதுவும் வாங்குவதில்லை, கூடையில் இருப்பதை வைத்துத்தான் சாப்பாடு. எல்லாப் பருப்பிலும் அரைக் கை, முக்கால் கை என்று மிச்சம் இருந்தால் அடை. இட்லி அரிசி ஒரு பங்கு, கலந்த பருப்பு ஒரு பங்கு, மிளகாய், சோம்பு, கறிவேப்பிலை. கரகரவென்று அரைத்தால் எந்தப் பருப்பு எவ்வளவு பழசு என்று யாருக்கும் தெரியாது. துவரம்பருப்பும் அரிசியும் மிச்சமிருந்தால் அரிசிம்பருப்பு சாதம். தட்டைப்பயறு ஒரு ஆழாக்கு இருந்தால் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு. கொள்ளு என்றால் கடைந்து வைத்து, தண்ணீரை ரசமாக்கிவிடலாம். ஜவ்வரிசி, சேமியா, ரவை மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் கலந்து உப்புமா, நன்றாகவே இருக்கும். ஐந்தாறு சிறுதானியம் கால் கால் கிலோ நிற்கிறதா, வறுத்து சத்துமாவாக அரைத்து ஒரு மாதத்தில் கஞ்சியாகக் குடித்துத் தீருங்கள்.

பெரிய அளவில் தீர்க்க நம் பண்டிகைகளே போதும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே கூழ் ஊற்றும். கேழ்வரகையும் கம்பையும் அப்போது மொத்தமாகத் தீர்த்துவிடுங்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பச்சரிசி மாவும் வெல்லமும் போகும், வெல்லம் கசியும் மழைக்கு முன்னாலேயே. புரட்டாசி நவராத்திரியில் ஒன்பது நாளும் சுண்டல்; அலமாரியில் இருக்கும் முழுப்பயறு ஒன்று விடாமல் அந்த ஒன்பது நாளில் காலியாக வேண்டும். வாங்கி வந்து சுண்டல் செய்யாதீர்கள், இருப்பதை எழுதி வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். ஐப்பசி மழை ஈரத்துக்கு முன் பயறு டப்பாக்கள் கழுவிக் காய்ந்து நிற்கும். ஆயுத பூஜைப் பொரி நமுத்துவிட்டால் வாணலியில் சூடாக்கி, பூண்டு தட்டிப் போட்டு காரப்பொரி. தீபாவளித் தட்டுவடை மிச்சமானால் நொறுக்கி, கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு சட்னி சேர்த்தால் நொறுக்கல். சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மீந்த கடலைமாவை மார்கழிக்குள் பஜ்ஜியாகவோ பாம்பே சட்னியாகவோ தீருங்கள். மார்கழியில் வெண்பொங்கல் வைத்து வைத்துப் பழைய பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் முடித்தால், தையில் புது அரிசி வரும்போது டப்பா காலியாக இருக்கும்.

கொட்ட வேண்டிய கூறு

பூசணம் பிடித்த நிலக்கடலையில் தப்பித் தவறியும் மனசு இளகாதீர்கள். அந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. மேலே இருக்கும் பத்துக் கடலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சட்னி அரைப்பதும் தப்பு. அதை மாட்டுக்கும் வைக்கக் கூடாது, நஞ்சு பாலில் இறங்கும். பூசணம் பிடித்த அரிசி, பருப்பு, மாவு எதுவானாலும் இதே கதிதான். காறிப்போன எண்ணெயில் விளக்கேற்றலாம். வண்டு மட்டும் விழுந்து பூசணம் இல்லாத தானியத்தைக் கோழி வளர்க்கும் வீட்டுக்குக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

கொட்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன, எவ்வளவு, ஏன். அந்தப் பொருளை அடுத்த முறை பாதி அளவு வாங்குங்கள். நான் முதல் வருஷம் எழுதியதில் பச்சைப்பயறு, கம்பு மாவு, சோள ரவை மூன்றும் இருந்தன. சோள ரவையை எங்கள் வீட்டில் யாரும் விரும்பிச் சாப்பிட்டதே இல்லை, நல்லது என்று யாரோ சொன்னதால் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது வாங்குவதில்லை.

முதல் நாள் செய்த இந்த முழுச் சோதனையை வருஷத்துக்கு மூன்று தடவை செய்தால் போதும்: தைக்கு முன் போகியன்று, ஆடிப் பிறப்பை ஒட்டி, புரட்டாசி முதல் வாரத்தில். நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேதிச் சீட்டுகளை ஒரு பார்வை. முடித்ததும் அடுத்த தேதியை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுக் கதவில் இன்றைக்கு இருக்கும் சீட்டில் நாலு வரி: உளுந்து கடைசி டப்பா, வாங்கணும். கொண்டைக்கடலையில் புள்ளி, வியாழன். அக்கா கொடுத்த மிளகு, தேதி எழுதணும். பச்சைப்பயறு கால் கிலோ மட்டும்.